எங்களுக்காக மேலேறிய விமானம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒடுகத்தூர்க்காரரான என் கணவர் சென்னையில் சிறிய விமானம் ஓட்டப் பழகி, உரிமமும் வாங்கியிருந்தார். நான் ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிற வீட்டுப் பெண். "உங்க வூட்ட மேலருந்து காட்றேன், வர்றியா?" என்றார். பயத்தை முந்திக்கொண்டு ஆசை தலையாட்டிவிட்டது.

அமிர்திக் காட்டைத் தாண்டியதும் மலை எங்களை நோக்கி எழுந்து வந்தது. நான் நடந்து நடந்து கால் கடுத்த மேடுகளெல்லாம் பச்சைத் துணியின் மடிப்புகளாகக் கிடந்தன. எங்கள் வீட்டு வாசலில் யாரோ புடவைத் தலைப்பை வீசினார்கள். அம்மாவாகத்தான் இருக்கும். கண் நிறைந்து, சரியாகப் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது மேகம் மறித்தது. சுற்றிக்கொண்டு சென்னையை நெருங்கினால் ஒரே மழைமூட்டம். அனுமதி வரும்வரை செம்பரம்பாக்கம் ஏரிமேல் வட்டமிடும்படி கன்ட்ரோல் டவரில் சொன்னார்கள். கீழே ஓர் ஏரி தெரிந்தது. அதுதான் என்று நினைத்து அவரும் வட்டமிட்டார்.

திடீரென்று மூட்டத்துக்குள் இரண்டு விளக்குகள்.

"இன்னாங்க அது? நம்மளப் பாத்தே வருதே!"

அவர் முகம் வெளுத்தது. பார்த்ததை ரேடியோவில் பதறிப்போய்ச் சொன்னார். அதுவரை ஆங்கிலத்தில் பேசிய டவர்க் குரல், சட்டென்று தமிழுக்கு மாறியது.

"சார், நீங்க போரூர் ஏரிகிட்ட வந்துட்டீங்க. ஜெட் எறங்குற பாதை அது. உடனே வடக்க திரும்புங்க. மேல மட்டும் ஏறாதீங்க."

அந்தக் குரலில் துளியும் பதற்றம் இல்லை. எங்கள் விமானம் சாய்ந்து திரும்பியது. ஜன்னலில் பார்த்தேன். இறங்க வந்த அந்தப் பெரிய விமானம், கீழே நீட்டிய சக்கரங்களோடு, மூக்கை உயர்த்தி, எங்களுக்கு மேலே வானத்தையே மறைத்துக்கொண்டு ஏறியது. அதன் முழக்கம் என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. சாமி கும்பிடக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெட் சுற்றி வந்து இறங்கிய பிறகு எங்களையும் இறக்கினார்கள். என் கணவரை விசாரணைக்கு அழைத்தார்கள். அவருடைய உரிமத்தைச் சில மாதம் நிறுத்தியும் வைத்தார்கள். அன்று விசாரணை அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஜெட்டின் விமானி அங்கே வந்தார். எழுந்து கைகூப்பினேன்.

"ரொம்ப பயந்துட்டீங்களாம்மா?" என்றார்.

தலையசைத்தேன்.

"நாங்களும்தான்" என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். ஒரு கடுஞ்சொல் இல்லை.

அந்த ஜெட்டில் வந்தவர்கள், ஏன் இறங்காமல் மறுபடி ஏறினோம் என்று முணுமுணுத்திருப்பார்கள். இப்போதெல்லாம் விமானம் தாமதம் என்று அறிவித்து எல்லோரும் சலித்துக்கொள்ளும்போது, மேலே எங்கோ, முகம் தெரியாத யாரோ இரண்டு பேருக்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.