இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

"உங்களுக்கு எது முக்கியம்?" என்று டாக்டர் என்னைக் கேட்டதும், என் அண்ணனுக்கு அந்த டாக்டர் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

அதற்கு முன்பே அண்ணன் கடுப்பில்தான் இருந்தார். நான் நுழைவதற்குள் முந்திக்கொண்டு அறைக்குள் போய், "எதுன்னாலும் என்கிட்ட சொல்லுங்கம்மா, தங்கச்சி பயந்துரும்" என்று சொல்லியிருக்கிறார். மதுரைக் கோர்ட்டில் கொலை வழக்குகளில் வாதாடுகிறவள் நான். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்துக்கொண்டே இட்லி சாப்பிடுவேன். நான் பயந்துவிடுவேனாம். எனக்கொரு மகள் இருந்திருந்தால் இந்த டாக்டர் வயசுதான் இருக்கும். "நோய் அவங்களுக்கு. அவங்ககிட்டதான் முதல்ல பேசணும்" என்று சொல்லி என்னை உள்ளே கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

குரல்வளையில் புற்றுநோய். பீடி, சிகரெட், வெற்றிலை ஏதாவது உண்டா என்று கேட்டார். என் கட்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் உண்டு, எனக்குக் கிடையாது என்றேன். சிரித்துவிட்டு, ஒரு தாளில் தொண்டையை வரைந்து இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், இனி மூச்சு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான். சொந்தக் குரல் போய்விடும், ஆனால் நோய் திரும்பாமல் இருக்க வாய்ப்பு கூடுதல். இன்னொன்று ரேடியேஷனும் கீமோவும். குரல் தங்கலாம். நோய் திரும்பினால் அப்போது ஆபரேஷன்தான், அது இதைவிடச் சிக்கலாக இருக்கும். யோசித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வெளியே டீக்கடையில் அண்ணன் பொரிந்து தள்ளினார்.

"அந்தம்மாவுக்கே தெரியலத்தா. தெரிஞ்சா நம்மகிட்டக் கேக்குமா? மாட்டு டாக்டரு ஊருக்குள்ள வாராரு, ஊசியப் போடுறாரு, போறாரு. மாட்டுக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா போடுறாரு?"

"நான் மாடு இல்லண்ணே."

"கோவத்த மட்டும் கொறைச்சுக்க மாட்ட."

என் கணவர் தவறிய பிறகு எனக்கு எல்லாமே அண்ணன்தான். திருவாதவூரில் எங்கள் தாத்தா காலம் வரைக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவன் வயலில் இறங்கி, ஏனென்று கேட்காமல் வேலை செய்தவர்கள். அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனதால்தான் நான் சட்டம் படித்தேன். என் வீட்டில் இருந்து சபையில் எழுந்து நின்று குரலை உயர்த்திப் பேசிய முதல் ஆள் நான். நீதிபதிகள், "மேடம், கொஞ்சம் மெதுவா" என்பார்கள். அந்தக் குரலைத்தான் வெட்டி எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ரேடியேஷன்தான் என்று அந்த டீக்கடையிலேயே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் என்னை நாகமலை புதுக்கோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மறுநாள் வண்டியோடு வந்து நின்றார். "சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, மனம் இரண்டுபட்டால் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வருவது சாமி வாக்கு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை, போனேன்.

எங்கள் குலசாமி கோயில் கண்மாய்க்கரையில் இருக்கிறது. வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் ரேடியேஷன் என்று அண்ணன் சத்தமாக வேண்டிக்கொண்டார். பூசாரி என்னையே எடுக்கச் சொன்னார். எடுத்துப் பிரித்தேன். வெள்ளை அரளி.

"பாத்தியா, சாமியே சொல்லிருச்சு" என்று அண்ணன் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு அவசரமாகக் குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகப் போனார். சாட்சிக் கூண்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த அவசரம் எனக்குத் தெரியும். கையைப் பிடித்துப் பிடுங்கிப் பிரித்தேன். அதிலும் வெள்ளை அரளி.

பூசாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "என் உசுரப் பத்தி முடிவெடுக்க இந்த ஊர்ல எல்லாருக்கும் பாத்தியதை இருக்கு, எனக்கு மட்டும் இல்லையா? சாமியவே ஏமாத்துறியேண்ணே" என்று கத்தினேன். கத்தக் கத்த தொண்டை கரகரத்து அடைத்தது.

"ஆமா, ஏமாத்துனேன்" என்றார். "சாமி என்னைய என்ன வேணாலும் பண்ணிக்கிரட்டும். நீ இருக்கணும்த்தா. அம்புட்டுதான் எனக்கு." அப்படியே மண்ணில் உட்கார்ந்து தேம்பினார். எங்கள் அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் வெள்ளை என்றதற்காகவே சிவப்பை எடுக்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: வீம்புக்காக எடுத்தால் அதுவும் நான் எடுத்த முடிவு ஆகாது. எனக்கு இன்னும் பல விஷயங்கள் தெரியாது. தெரியாமல் ஒரு வழக்கிலும் நான் எழுந்து நின்றதில்லை.

அடுத்த வாரம் அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். "வாயைத் தொறக்கக் கூடாது" என்று கண்டிஷன் போட்டேன்.

"நான் செத்துப்போவேனா டாக்டர்?" என்று கேட்டேன். அண்ணன் நாற்காலியில் நெளிந்தார்.

டாக்டர் கண்ணை எடுக்கவில்லை. "வைத்தியம் இல்லைன்னா, ஆமா. வைத்தியம் பண்ணா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. உறுதின்னு சொல்ல மாட்டேன்."

"எத்தனை வருசம்?"

"வருசக் கணக்கு சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும். திரும்பி வரதா இருந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு வருசத்துல வரும். அதைத் தாண்டிட்டா நானே கொஞ்சம் நிம்மதியா இருப்பேன்."

என்னிடம் கட்சிக்காரர்கள், "ஜெயிச்சிருவோம்ல மேடம்?" என்று கேட்பார்கள். கண்டிப்பாக ஜெயிப்போம் என்று நான் சொன்னதே இல்லை. அதனாலேயே வேறு வக்கீலிடம் போனவர்களும் உண்டு. இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. "என் எடத்துல நீங்க இருந்தா?" என்று கேட்டேன். ஸ்கேனைக் காட்டினார். கட்டி குருத்தெலும்பைத் தொட்டுவிட்டது, அப்படித் தொட்ட கட்டிக்கு ரேடியேஷன் அவ்வளவு நன்றாகக் கேட்பதில்லை, தான் ஆபரேஷன் பக்கம்தான் சாய்வேன் என்றார். "ஆனா குரல் உங்களோடது. ரேடியேஷன்னு சொன்னாலும் முழு மனசோட பண்ணுவேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டைக்குள் ஒரு சின்ன வால்வு வைத்துப் பேச முடியுமா, வரும் குரல் எப்படி இருக்கும், சரிவராவிட்டால் என்ன வழி, எல்லாவற்றையும் குறுக்கு விசாரணை செய்தேன். வெளியே நோயாளிகள் காத்திருந்தும் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குரல் எனக்கு உயிர்தான். ஆனால் எனக்குச் சாக இஷ்டமில்லை, அதுதான் அடியில் கிடந்த உண்மை. வாதாட முடியாவிட்டால் மனு எழுதுவேன், சட்டம் தொண்டையிலா இருக்கிறது?

"ஆபரேஷன் பண்ணுங்க" என்றேன்.

அண்ணனால் அடக்க முடியவில்லை. "இதத்தானத்தா நான் அன்னைக்கே சொன்னேன்?"

"அன்னைக்கு நீ சொன்னண்ணே. இப்ப நான் சொல்றேன்."

ஆபரேஷன் முடிந்து பல மாதம் சத்தமே இல்லை. சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துத் தலையாட்டுவார், என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போவார். பிறகு வால்வு பொருத்தினார்கள். கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு பேச வேண்டும். முதலில் காற்றுதான் வந்தது. விடவில்லை. ஒருநாள் வார்த்தை வந்தது, தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி, ஆண் குரலில். பயிற்சி கொடுத்த பெண்ணின் போனை வாங்கி அண்ணனை அழைத்தேன்.

"அலோ, யாருய்யா பேசுறது?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு? ராங் நம்பர்யா, வைய்யா" என்று வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி போட்டேன். "கூறு இருக்கா உனக்கு? பேசிக்கிட்டு இருக்கும்போதே போன வைக்கிற? ஒரு வார்த்தையப் பொறுமையாக் கேக்கத் துப்பில்ல, பெரிய மனுசனாம்."

அந்தப் பக்கம் பம்புசெட் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏத்தா" என்றார். குரல் உடைந்திருந்தது. "இன்னொரு வாட்டி என்னைய வையி."

விரலை எடுக்காமல், மூச்சு தீரும் வரைக்கும் வைதேன்.