நாலரை மணித் தூக்குவாளி

எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டுநாடா ஒன்று நீளமாகப் பதித்திருந்தோம். என் மகளின் நாள் முழுவதும் அதில் பட அட்டைகளாகத் தொங்கியது. பல் தேய்ப்பது, குளிப்பது, புட்டு, ஊஞ்சல், பாசி கோர்ப்பது, நாலரைக்கு அப்பா, பழம்பொரி, சோறு, தூக்கம். ஒன்று முடிந்ததும் அந்த அட்டையை அவளே பிய்த்துக் கீழே உள்ள பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். போட்டால் அது முடிந்தது. மறுநாள் காலையில் நான் எல்லாவற்றையும் திரும்ப ஒட்டுவேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்தது என்ன என்று தெரிந்தால்தான் பயம் அடங்கும் என்று பயிற்சி மையத்து டீச்சர் சொல்லிக்கொடுத்தார். இதைப் பழக்க எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. எத்தனை கடி, எத்தனை நகக்கீறல்! என் கையைப் பார்த்து வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றே சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்குக் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில், பால் உறைய வைக்கும் ஷெட்டில் வேலை. நாலரைக்கு பஸ் இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்று ஒரு செருமல் செருமுவார். அவள் ஓடிப்போய்க் கொண்டியை எடுப்பாள். அவர் சட்டைக் கையை ஒருமுறை மோந்துவிட்டுத் தூக்குவாளியை வாங்குவாள். உள்ளே டீக்கடைப் பழம்பொரி இரண்டு இருக்கும். பேச்சு அதிகம் வராத பிள்ளைக்கு அதுதான் பேச்சு.

ஒரு புதன்கிழமை, ஷெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

மறுநாள் வீடு நிறைய ஆள். "பிள்ளை பயந்துரும் மைனி. அதுக்கு என்ன தெரியும்? உள்ள இருக்கட்டும்" என்றாள் அவருடைய தங்கச்சி. நானும் தலையாட்டினேன். பாசிமணியைக் கையில் கொடுத்து அவளை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நாலு மணிக்கு அவரை எடுத்தார்கள். நாலரைக்கு அவள் உள்ளிருந்து கதவை இடிக்கத் தொடங்கினாள். நான் தலையாட்டினேனே, பாவி, அது இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

அதற்குப் பிறகு தினமும் கேட்டில் நின்றாள். தூக்குவாளி வராமல் அடுத்த அட்டைக்குப் போகமாட்டாள். பழம்பொரி இல்லை, சோறு இல்லை, தூக்கம் இல்லை. டீச்சரிடம் போய் அழுதேன். "அம்மா, அவ கண்ணு முன்னாடியே அந்த அட்டையை எடுத்து டப்பாவுல போடுங்க. அப்பா இனி வரமாட்டாருன்னு சொல்லுங்க. எத்தனை தடவை ஆனாலும் சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு வந்து அட்டையைத் தொட்டேன். அதில் ஒட்டியிருந்தது அவருடைய பாஸ்போர்ட் சைஸ் படம். டப்பாவில் போடக் கை வரவில்லை. பிள்ளை தாங்காது என்று சொல்லிக்கொண்டேன். பொய், தாங்காதது நான்.

அன்று சாயங்காலம் தூக்குவாளியில் பழம்பொரி வைத்து, பின்வாசல் வழியாக இறங்கி, வாழைகளுக்கு இடையே சுற்றிப்போய்க் கேட்டுக்கு வெளியே நின்றேன். அவள் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். மறுநாள் சேலைக்கு மேலே அவருடைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். கையை மோந்தாள். தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். பழம்பொரி தின்றாள், சோறு உண்டாள், தூங்கினாள். அப்பா அட்டையை மட்டும் டப்பாவில் போடவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி இரண்டு வருஷம். சட்டையைத் துவைக்கவே இல்லை. ரப்பர் நெடி குறைந்தபோது, அவரோடு வேலை பார்த்தவரிடம் மரத்தின் வெட்டில் காய்ந்து பிடித்திருக்கும் ஒட்டுப்பால் கொஞ்சம் வாங்கிச் சட்டைக்குள் சுருட்டி வைத்தேன்.

"எதுக்கு மைனி இந்தக் கூத்து? செத்தவரு சட்டையை மாட்டிட்டு ரோட்டுல நிக்கியளே, பாக்கவே ஈரக்குலை நடுங்குது" என்றாள் நாத்தனார்.

"நடுங்கினா நாலரைக்கு இந்தப் பக்கம் வராதே" என்றேன்.

எனக்கும் நடுங்கத்தான் செய்தது. ஒருநாள் கேட்டுக்கு வெளியே நிற்கும்போது அவருடைய செருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என் தொண்டையிலிருந்துதான் வந்திருந்தது.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்னைப் படுக்கையில் தள்ளியது. நாலரைக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. இன்றைக்கு வீடு ரெண்டாகப் போகிறது என்று பயந்து கிடந்தேன். பஸ் ஆரன் கேட்டது. பின்வாசல் கதவு திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து முன்கேட்டின் கொண்டி விழும் சத்தம். நனைந்த தலையோடு அறைக்குள் வந்தாள். அவர் சட்டை அவள் முழங்கால் வரை தொங்கியது. கையில் தூக்குவாளி.

நீட்டினாள். நான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். சட்டைக் கையை என் மூக்கில் வைத்து அழுத்திவிட்டு மறுபடியும் நீட்டினாள். வாங்கினேன். உள்ளே ஒன்றுமில்லை. அவள் சுவரண்டை போய் அப்பா அட்டையைப் பிய்த்து டப்பாவில் போட்டாள்.

"முடிஞ்சு" என்றாள்.

பின்வாசல், வாழை, சட்டை, எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு. எத்தனை நாளாக என்று யாரிடம் கேட்பது?

மறுநாள் காலையில் அட்டைகளை ஒட்டினேன், அவர் அட்டையையும் சேர்த்து. பல் தேய்க்க வந்தவள் முதலில் அதைப் பிய்த்து டப்பாவில் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலரைக்கு பஸ் வந்தது. அவள் பாசி கோர்த்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நான் எழுந்து போய்க் கொண்டியை எடுத்துவிட்டு, கேட்டுக்கு உள்ளே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.