ஏழு நிமிடம் வைத்திருந்தவர்

அக்கா வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் நின்று சிரித்துப் பேசி விற்கிற வேலை இல்லை. பின்னறையில் லென்ஸைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்க்கிற வேலை. முப்பது வருஷத்தில் ஒரு லென்ஸில்கூடக் கீறல் விழவிட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்கு எதில் பைத்தியம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல வாய் கூசும். ஜப்பான்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மலிவாக எடுத்துத் தள்ளிய படங்கள். பெண்கள் சிறை, கத்தியோடு திரியும் ரவுடிப் பெண்கள், பழிவாங்கல். கழுத்தில் லேசாகக் கத்தி பட்டால் போதும், குழாய் உடைந்த மாதிரி ரத்தம் பீய்ச்சியடிக்கும். பாதிப் பேர் உடம்பில் பாதித் துணிதான் இருக்கும்.

கல்யாணமான புதிதில் அக்கா அவர் அறையிலிருந்த அலமாரியைத் திறந்து வீடியோ கேசட் அட்டைகளைப் பார்த்தாள். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சமாதானம் பேசப் போனவன் நான். மாமா என்னை உட்காரவைத்து ஒரு படத்தை ஓடவிட்டார். படக் கம்பெனி முதலாளிகள் கேட்டது சண்டையும் சதையும் மட்டும்தான், அதைக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை இயக்குநர் இஷ்டத்துக்கு எடுக்கலாம், அதனால்தான் சுவர் திடீரென்று சிவப்பாகிறது, பனி ஊதா நிறத்தில் விழுகிறது என்று ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கெட்ட புத்திக்காரன் இப்படிப் பேசமாட்டான் என்பது மட்டும் புரிந்தது. அதைச் சொல்லித்தான் அக்காவைத் திருப்பி அனுப்பினேன். போனாள், ஆனால் அந்த அறைக்குள் இருபத்திரண்டு வருஷம் கால் வைக்கவில்லை.

நூற்று நாற்பது கேசட்டில் ஒன்றின்மேல் மட்டும் அவருக்கு உயிர். சிறையிலிருந்து தப்பிக்க ஆறு தடவை முயன்று தோற்ற ஒருத்தியின் கதை. பின்னால் வந்த எல்லாப் பிரதிகளிலும் அவள் இரும்புக் கதவில் கை வைப்பதோடு படத்தை வெட்டிவிட்டார்கள். மாமாவின் கேசட்டில் அதற்குப் பிறகும் ஏழு நிமிடம் இருந்தது. எங்கெங்கோ இருந்த இவரைப் போன்ற கிறுக்கர்கள் ஒரு நகல் எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று முறை எழுதினார்கள். இதோ அதோ என்று இழுத்தடித்தார். நான் திட்டியதற்கு, "ஊர் உலகத்துல என்கிட்ட மட்டும் இருக்கிறது இந்த ஏழு நிமிஷம்தான்டா" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். வாயைத் திறந்து இன்னும் நாலு திட்டுத் திட்டியிருக்க வேண்டும்.

போன வருஷம், பதினெட்டு வருஷமாகத் தேடிய வேறொரு படம் பார்சலில் வந்தது. எந்தப் பழைய கேசட் வந்தாலும் மூடியைத் தூக்கி, கடை பூதக்கண்ணாடியால் டேப்பின் விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவார். அன்று தலைகால் புரியாத சந்தோஷம். பார்க்காமலே போட்டுவிட்டார். அதில் பூஞ்சை இருந்திருக்கிறது. அது கேசட் ஓட்டுகிற மெஷினில் ஒட்டிக்கொண்டது. அந்த சந்தோஷத்திலேயே, அதே மெஷினில், வாரம் முழுக்கத் தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அலமாரியில் அடுக்கிப் பூட்டினார். பிறகு மூன்று மாதம் மழை.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா அந்த அறை வாசலில் வந்து நின்று, இருக்கிறதிலேயே நல்லதைக் காட்டுங்கள் என்றாளாம். மாமாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என்னையும் போன் போட்டு வரவழைத்து, அந்த ஏழு நிமிடக் கேசட்டைப் போட்டார்.

முதல் அரை மணி நேரம் அக்கா கையால் கண்ணை மறைத்துக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். படத்தில் அந்தக் கைதிப் பெண் நாலாவது தடவை பிடிபட்டபோது அக்கா "அடிப்பாவி" என்று முனகினாள். மாமா படத்தைப் பார்க்கவே இல்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஓடிவந்து இரும்புக் கதவில் கை வைத்தாள். மெஷின் கறகறவென்றது. திரையில் வெறும் புள்ளிகள்.

திறந்து பார்த்தால் உள்சுற்று முழுக்க வெள்ளைப் பொடி, சுற்றோடு சுற்று ஒட்டியிருந்தது. பிரித்த இடமெல்லாம் பிய்ந்தது. லென்ஸ் துடைக்கிற துணியால் மெதுவாகத் துடைத்தார். படம் இருந்த பூச்சு கறுப்பாகத் துணியோடு வந்துவிட்டது. அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அந்த வாரம் அவர் ஆசையாகப் போட்டுப் பார்த்ததற்கெல்லாம் அதே கதி. பிடிக்காமல் ஒதுக்கியவை மட்டும் பழுதில்லாமல் இருந்தன.

நகல் கேட்டவர்களுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அக்காவுக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

"அவ வெளிய போயிட்டாளா, இல்லையா?"

போய்விட்டாள், ஊதாப் பனியில் தனியாக நடந்தாள் என்று அன்று சொன்னார். அடுத்த வாரம், கூட இருந்தவளுக்காகத் திரும்பி உள்ளே போனாள் என்றார். போன வாரம் வேறு மாதிரி சொன்னீர்களே என்று நான் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"ரெண்டுமே கண்ணுல நிக்குதுடா. எது படத்துல இருந்துச்சுன்னு தெரியல."

அக்கா இப்போதும் விடுவதாக இல்லை. சாப்பிட்டு முடித்தால் அந்தக் கதையைக் கேட்பாள். அவர் முதலிலிருந்து சொல்லி, அந்தப் பெண் கதவில் கை வைக்கிற இடத்தோடு நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறார்.