பின்சீட்டில் ஒரு வயிற்றுவலிக்காரன்

“மெதுவா, மெதுவா... வேகத்தடைன்னா எகிறிக் குதிக்கிறதுக்கு இல்லம்மா. பின்னாடி வயித்துவலிக்காரன் ஒருத்தன் இருக்கான், மறந்துடாதே.”

சொல்லி முடிப்பதற்குள் பிரேக் மாஸ்டரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்திவிடுகிறது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருக்கும் மாணவி பெருமூச்சு விடுகிறாள். ஓட்டுநர் பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கென்று வைத்தது. இந்த மனிதருக்கோ தெருவோரம் பூனை தூங்கினாலும் ஆபத்துதான். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வீட்டில் டி.வி. பார்க்கும்போதுகூட, படத்தில் ஒரு கார் வேகமாக வந்தால் அவர் கால் தரையை அழுத்தும்.

பின்சீட்டில், பெல்ட் போட்டுக் கட்டிய கூடைக்குள், பழைய துண்டின்மேல் குந்தியிருப்பவன் உருண்டை. பழுப்பும் வெள்ளையுமான கினிப்பன்றி; பேர்தான் பன்றி, பெருச்சாளி அளவுச் செல்லப்பிராணி. ஏழு வயது, அந்த இனத்துக்கு அது தள்ளாத வயசு. குடல் சோம்பிவிட்டது. வாயு சேர்ந்தால் வயிறு உப்பி விறைத்துக்கொள்ளும். ஒரு நாள் மருத்துவரிடம் கொண்டுபோகும் வழியில், குண்டும் குழியுமான ரோட்டில் கார் குலுங்கிய குலுங்கலில், உருண்டை புழுக்கை போட்டுவிட்டான். மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, லாட்டரி விழுந்தவர் மாதிரி தனியாக உட்கார்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அவரிடம் படிக்க வருகிற எல்லோருக்கும் பாடம் அந்தப் பாழாய்ப்போன ரோட்டில்தான். “நல்ல ரோட்ல யாரு வேணா ஓட்டுவாங்க” என்று சமாளிப்பார்.

வீட்டில் இன்னும் வேலை அதிகம். காய்ந்த புல் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். பிறகு மடியில் போட்டு வயிற்றை நீவி, காதை வைத்துக் கேட்கவேண்டும். உள்ளே கடமுடவென்று சத்தம் வந்தால் மாஸ்டர் முகம் மலரும். வயதான ஆண் விலங்கு, பின்புறத்தில் கழிவு அடைத்துக்கொள்ளும். வெந்நீரில் நனைத்த துணியால் அதையும் எடுத்துத் துடைப்பார். தாயில்லாத மகளுக்குத் துடைத்துவிட்டு வளர்த்தவர்தானே, அருவருப்பு எங்கிருந்து வரும்?

உருண்டை அந்த மகள் வாங்கி வந்தது. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரிடம் அவளால் மட்டும் கற்றுக்கொள்ள முடியவில்லை. அவள் கியர் மாற்றுவதற்குள் இவர் கால் முந்திக்கொள்ளும். “நீங்க காரை மட்டுமாப்பா நிறுத்துறீங்க? படிக்கப் போறேன்னா பிரேக், வேலைக்குப் போறேன்னா பிரேக்!” என்று நடுத்தெருவில் இறங்கி நடந்தாள். அடுத்த மாதமே வேறு ஊரில் வேலை. உருண்டையைக் கூட்டிப்போக அங்கே இடமில்லை.

அப்பாவோடு பேச்சு அறுந்தது. ஆனால் போன் மட்டும் வரும். “புழுக்கை வந்துச்சா?” இப்படி நலம் விசாரித்த மகளை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இவரும் அளவு, நிறம், பதம் என்று பயபக்தியோடு ஒப்பிப்பார். வேறு எதையாவது இழுத்தால், “சரி, வச்சிடறேன்” என்பாள். அதனால் இழுக்க மாட்டார்.

ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் விசிலடிக்கும் உருண்டை, இந்த மழைக்காலத்தில் விசிலை நிறுத்திவிட்டான். சிரிஞ்சைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். முதுகெலும்பு விரலில் தட்டியது. போனில் மட்டும், “ஜோரா திங்கிறான்மா” என்றே மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு துண்டை இழுத்துப் போர்த்திவிட்டார். “ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் அவனுக்கு வலிக்குது சார். போதும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, வலியில்லாம அனுப்பி வச்சிடலாம்.”

“இவனும் போயிட்டா அவ எதுக்கு டாக்டரம்மா எனக்குப் போன் பண்ணப்போறா?” என்றார் மாஸ்டர். மேஜைக்கு அடியில் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, முதல்முறையாக அவரே மகளை அழைத்தார். “நான் பொய் சொல்லிட்டேம்மா.” டாக்டரம்மா நாளைக்கு வரச் சொன்னதையும் சொன்னார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடைக்குள் கையை விட்டவள், கிடைத்தது வெறும் எலும்பும் முடியும் என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா முடிஞ்சு போயிடுமேன்னுதான்...”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “சாவியைக் குடுங்க. நீங்க அவனை மடியில வச்சுக்கோங்க.”

“நீ ஓட்டுவியா?”

“அங்க போய்க் கத்துக்கிட்டேன்.”

துண்டில் சுற்றிய உருண்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் வழக்கமான இடத்தில் மாஸ்டர் உட்கார்ந்தார். அவள் குழி ரோட்டுப் பக்கம் சிக்னல் போட்டாள். உருண்டைக்கு அதுதான் நல்லது என்று அவளுக்கும் போனில் சொல்லியிருந்தார்.

“அந்த ரோடு வேணாம்மா. இனி அவன் குலுங்க வேணாம்.”

அவள் சிக்னலை அணைத்துவிட்டு நேர் ரோட்டில் விட்டாள். உருண்டை மெல்லப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். வலித்தால் அப்படித்தான் செய்வான். மாஸ்டர் கட்டைவிரலால் அவன் நெற்றியை நீவினார். முச்சந்தியில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு லாரி மூக்கை நீட்டியது. மகள் சட்டென்று அப்பாவின் கால்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து, சீட்டுக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னி வைத்திருந்தார்.