அக்கா மாற்றிப் போட்ட ஓட்டு

அக்கா நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனபோது அப்பாவை மலைக்க வைத்தது அந்த ஊர்க் குளிரோ சம்பளமோ இல்லை. இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அங்கே ஓட்டுப் போடலாம் என்பதுதான். "நம்மளுக்கு அங்க ஓட்டுங்களாமா!" என்று எங்கள் ஊர் கணபதியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து ஒரே சின்னம். அக்கா வீட்டுக்காரரை அவருக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். மாமா அங்கே பஸ் ஓட்டினார். கூட வேலை செய்தவர்களோடு ஒரு கட்சியில் சேர்ந்தார். தேர்தல் வந்தால் லீவு போட்டுவிட்டு மழையில் வீடுவீடாக நோட்டீஸ் கொடுப்பார். "மாப்பிள்ளை கட்சிக்குத்தானே கண்ணு போட்டே?" என்று அப்பா போனில் கேட்பார். "ஆமாங்கப்பா" என்பாள் அக்கா.

பிறகு மாமாவுக்கு இருதயத்தில் அடைப்பு. அங்கே வைத்தியம் இலவசம். ஆனால் ஆபரேஷனுக்கு முறை வரவேண்டும். ஒரு கடிதம் தேதி சொல்லும், அடுத்த கடிதம் அதைத் தள்ளிவைக்கும். அந்தச் சமயம் ஆட்சியில் இருந்ததும் மாமாவின் கட்சிதான். யாருக்காக மாமா நோட்டீஸ் கொடுத்தாரோ அதே எம்.பி.க்கு அக்கா இரண்டு தடவை எழுதினாள். வருந்துகிறோம் என்று அச்சடித்த பதில் வந்தது. மூன்றாவது தேதிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஷூ மாட்ட மாடிப்படியில் உட்கார்ந்த மாமா எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பின் அங்கே ஒரு தேர்தல் முடிந்தது. மாமாவின் வருடத் திதிக்கு அக்கா வந்திருந்தாள். மதியம் சாப்பிடும்போது அப்பா வழக்கம்போலக் கேட்டார்.

"மாப்பிள்ளை கட்சிக்குத்தானே கண்ணு?"

"ஆமாங்கப்பா."

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: "அப்பாகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன் தம்பி. மாத்தித்தான் போட்டேன்."

அவளே தொடர்ந்தாள்.

"அந்த இன்னொரு கட்சி நல்லதுன்னு போடலை. அவங்க வந்தா ஆபரேஷன் வரிசை குறையும்னும் நம்பலை. என்னோட கோபத்தை வேற யாருகிட்டக் கொண்டுபோறது? கடுதாசி போட்டும் பாத்தாச்சு. அந்த ஓட்டுச்சீட்டுதான் மிச்சம். ஓட்டுச்சாவடி வாசல்ல அவரு கூட நோட்டீஸ் குடுத்த வெள்ளைக்காரம்மா நின்னாங்க. கையைப் புடிச்சுட்டு அழுதாங்க. அவங்களைத் தாண்டி உள்ள போயி மாத்திப் போட்டுட்டு வந்தேன். அவரையே ஏமாத்தின மாதிரி இருக்குது."

"மாமா இருந்திருந்தா புரிஞ்சுக்கிட்டிருப்பாருங்கக்கா."

"அவரு இருந்திருந்தா நான் எதுக்குடா மாத்தறேன்?" என்றவள், கையிலிருந்த துண்டை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அவளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது காரில் அப்பா சொன்னார்: "அம்மணி பொய் சொல்லீட்டுப் போறா."

"எப்படிங்கப்பா தெரியும்?"

"சோத்தைப் பாத்துட்டே பதில் சொன்னா." வெளியே பார்த்தபடி சொன்னார்: "நானா இருந்தாலும் மாத்தித்தான் போட்டிருப்பேன்."

ஒரே சின்னத்துக்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை விட்டவர் அப்பா. "இதை அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவால்ல, சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பிட்டாயா, அங்கே மழையா, முட்டிவலி எப்படி என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். அடுத்த வாரமும் அப்படியே. நான் ஜாடை காட்டினால் அடுத்த தடவை என்று கையை அசைப்பார். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நான்கே நாளில் போய்விட்டார். அக்கா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அவளிடம் சொன்னேன். அப்பா காரில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "அப்பா சொன்னாரா, நீயாச் சொல்றயா?"

"அப்பாதாங்கக்கா சொன்னாரு. சத்தியமா."

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றே கண்ணு" என்றாள். அன்று மட்டுமில்லை, இன்றுவரை அவள் நம்பவில்லை. அப்பா உயிரோடு இருந்தபோதே அந்த போனை வாங்கி நான் சொல்லியிருக்கலாம். அது அவர் வாயால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் அவள் ஊரில் மறுபடி தேர்தல் நடந்தது. போட்டாச்சா என்று போனில் கேட்டேன்.

"போகலைடா" என்றாள். "எனக்கு அன்னிக்கு லீவுதான். ஊட்டுலயே இருந்துட்டேன்."