கீழே நிற்பவன்

மரம் வெட்டும் வேலைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே ஏறுவார். மற்றவர் கீழே நிற்பார். நான் நான்கு வருடங்கள் கீழே நின்றேன்.

மேலே ஏறியவர் கம்பனியின் சொந்தக்காரர். மன்னார்ப் பக்கத்து மனிதர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். அவரிடம் ஒரு ட்ரக், அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் சிப்பர், மரம் அறுக்கும் மூன்று செயின்சோ, ஓர் ஏணி, நிறையக் கயிறு இருந்தன. சிப்பர் கிளைகளை விழுங்கித் தூளாக்கி ட்ரக்குக்குள் துப்பும் இயந்திரம். அதன் வாயின் மேல்விளிம்பில் ஒரு சிவப்புக் கம்பி உண்டு. தட்டினால் உள்ளே இழுக்கும் உருளைகள் நின்றுவிடும்.

கயிறுகளில் இரண்டு முக்கியம். வெள்ளைக் கயிறு வெட்டிய கொம்புகளை இறக்குவதற்கு. இரண்டு பேரும் காதை மூடியிருப்பதால் பேசுவதும் அதில்தான். ஒரு இழுப்பு என்றால் இறக்கு. இரண்டு என்றால் பொறு. மூன்று என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு என்னைப் பார். மூன்று இழுப்பை நான்கு வருடத்தில் ஒரு தடவைதான் பாவித்தேன்.

நீலக் கயிறு அவருடையது. அவருடைய இடுப்பிலிருந்து மேலே போய், ஒரு கிளைக் கவட்டில் திரும்பி, மறுபடி இடுப்பிலுள்ள முடிச்சுக்கு வரும். மிச்சம் நிலத்தில் கிடக்கும். அவர் இறங்கும்போது அந்த மிச்சம்தான் முடிச்சுக்குள்ளால் ஓடும். ஓரடி இறங்க இரண்டடி கயிறு வேண்டும். நுனியில் ஒரு பெரிய முடிச்சுப் போட்டிருப்பார். கயிறு தீர்ந்துபோனால் அது தடுத்துப் பிடிக்கும். நிலத்தில் கிடக்கும் பகுதியை நாங்கள் வால் என்போம். வாலை வெட்டிய கிளைகளுக்குள் சிக்க விடக்கூடாது. அது கீழே நிற்பவனின் பொறுப்பு. அதற்காக ஒரு டொலர் கடையில் வாங்கிய உடுப்புக் கூடை ஒன்று எங்களிடம் இருந்தது. வாலைச் சுருட்டி அதற்குள் வைப்பேன்.

அது செப்டெம்பர் கடைசி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் வட ஓரத்தில், மில்லிக்கனில் ஒரு வீடு, முன்வளவில் ஒரு பெரிய மேப்பிள் மரம். கூரைக்கு மேலே நீண்டிருந்த ஒரு தடித்த கொம்பை எடுக்க வேண்டும். வீட்டுக்கார அன்ரி படிக்கட்டில் இரண்டு கறிவேப்பிலைச் சாடிகள் வைத்திருந்தார். குளிர் வரமுதல் உள்ளே எடுக்க இருந்தவை. பன்னிரண்டு வருடத்துச் செடிகள் என்று காலையிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

பதினொரு மணிபோல அன்ரி கதவைத் திறந்தார்.

“தம்பி, உந்தக் கூடை என்ர கறிவேப்பிலையில முட்டுது. இலையெல்லாம் கொட்டப்போகுது.”

“நான் எடுக்கிறன் அன்ரி.”

“அதோட சாடியையும் கராஜுக்குள்ள வச்சு விடுமன். மரம் விழுந்தா உங்களுக்கென்ன, நீங்கள் கறிவேப்பிலையைக் கடையில வாங்கிற ஆக்கள்.”

கூடையைத் தூக்கிப் புல்லில் வைத்தேன். அது சரிந்தது. கயிறு வெளியே கொட்டியதைப் பார்த்தேன். சாடி பாரமானது, இரண்டு கையும் வேண்டும். முதலில் சாடிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சுருட்டலாம் என்று நினைத்தேன். இரண்டாவது சாடியை வைத்துவிட்டு வந்தபோது புல் முழுவதும் புதிய கிளைகள் விழுந்திருந்தன. நான் கிளைகளைத் தூக்கத் தொடங்கினேன்.

மூன்றாவது கிளையையோ நான்காவதையோ சிப்பருக்குள் தள்ளியபோது புல்லின் மேல் நீலமாக ஒரு கோடு ஓடியது. சிவப்புக் கம்பியைத் தட்டினேன். அதற்குள் உள்ளே கத்தி கயிற்றை வெட்டிவிட்டது. வெட்டியதால்தான் கயிறு இறுகவில்லை. இறுகியிருந்தால் அவரையும் மரத்தோடு சேர்த்து இழுத்திருக்கும்.

மேலே செயின்சோ ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு எதுவும் தெரியாது.

சிப்பரை நிறுத்தினேன். மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். அறுந்த நுனி ஒரு முழம் அளவுக்குப் புல்லில் கிடந்தது. முடிச்சு இல்லை. மேலேயிருந்து பார்த்தால் கயிறு நிலத்தைத் தொடுகிறது, எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். அவர் நாற்பதடியில் நின்றார். இறங்கத் தொடங்கினால் பாதி மரத்தில் கயிறு தீர்ந்துவிடும். வெள்ளைக் கயிற்றை நோக்கி நடந்தேன். ஓடவில்லை. மூன்று தரம் இழுத்தேன்.

செயின்சோ நின்றது. அவர் காதுமூடியைத் தூக்கினார்.

“என்ன?”

“அண்ணை, இறங்காதேங்கோ. உங்கட கயித்தின்ர வால் சிப்பருக்குள்ள போட்டுது. நுனியில முடிச்சு இல்லை. நிலத்தில ஒரு முழம்தான் கிடக்கு. பாதிக்குத்தான் காணும்.”

அவர் குனிந்து கயிற்றின் நுனியைத் தேடினார்.

“எப்ப?”

“இப்பதான். ஒரு நிமிசம் இருக்கும்.”

“என்னடா, நியூஸ் வாசிக்கிற மாதிரிச் சொல்லுறாய்?”

ஊரில் நான் ஒரு பத்திரிகையில் வேலை செய்தது அவருக்குத் தெரியும்.

கயிற்றை மேலே இழுத்து நுனியில் முடிச்சுப் போட்டார். நான் ஏணியை நீட்டிச் சாத்தினேன். கயிறு விட்ட அளவுக்கு இறங்கி, ஏணிக்குக் காலை நீட்டினார். கால் படியை இரண்டு தரம் தவறவிட்டது. மூன்றாம் தரம் நான் சப்பாத்தைப் பிடித்துப் படியில் வைத்தேன்.

அன்ரி மறுபடி கதவைத் திறந்தார். “என்ன தம்பியவை, சத்தத்தைக் காணேல்ல? முடிஞ்சுதோ?”

“இல்லை அன்ரி, கொஞ்சம் களைப்பாறுறம்,” என்றார் அண்ணை.

“அப்ப ரீ போடுறன். சீனி எவ்வளவு?”

அவர் இடுப்புக் கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். “ரெண்டுபேருக்கும் ஒரு கரண்டி,” என்று நான் சொன்னேன்.

ட்ரக்கின் பின்பலகையில் உட்கார்ந்தோம். தூளுக்குள் நீல நார்கள் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார்.

“கையைக் காட்டு.”

நீட்டினேன். அவர் தன்னுடைய கையை அதற்குப் பக்கத்தில் வைத்தார். அவருடையது ஆடியது. என்னுடையது ஆடவில்லை.

“உனக்கு நடுங்கேல்ல.”

“இல்லை அண்ணை.”

“ஏன்?”

“தெரியேல்ல.”

தெரியாது என்பது உண்மை. பத்திரிகைக் காலத்தில் சம்பவம் நடந்த இடங்களுக்குப் போவேன். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, யார் கண்டது என்று எழுதிக்கொண்டு வருவேன். அந்தப் பழக்கம் என்று சொன்னால் கேட்பவர்கள் நம்புவார்கள். எனக்கு அதுவும் நிச்சயமில்லை. அன்று அவர் விழுந்திருந்தாலும் இதே ஒழுங்கில்தான் சொல்லியிருப்பேன் என்று அந்த நேரம் தோன்றியது.

“பிழை ஆரும் விடுவினம்,” என்றார். “நானும் ஒருக்கா ஒருத்தன்ர காலில கொம்பைப் போட்டனான். ரெண்டு கிழமை சாப்பாடு இறங்கேல்ல. நீ ரீக்குச் சீனி சொல்லுறாய்.”

“நீங்கள் பேசாமல் இருந்தியள். அதுதான் சொன்னன்.”

“டேய், உனக்குக் கீழ பயமிருந்தாத்தான்ரா நான் மேல நிம்மதியா வேலை செய்யலாம்.”

கொம்பு பாதி வெட்டியபடி கூரைக்கு மேலே நின்றது. அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அவர் ட்ரக்கிலிருந்து வேறு கயிறு எடுத்தார். முடிச்சுகளை இரண்டு தரம் பார்த்தார். பிறகு சிப்பருக்குப் பக்கத்தில் போய்ச் சாவியைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டு, பையின் ஸிப்பை இழுத்து மூடிக்கொண்டு ஏறினார். என்னைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் கிளைகளை இறக்கிப் பாதையோரம் அடுக்குவதை மட்டும் செய்தேன். கூரைக்கு மேலே எதுவும் இல்லாமல் போன பிறகுதான் அவர் இறங்கிச் சாவியைப் போட்டு, தானே நின்று எல்லாவற்றையும் அரைத்தார். இரண்டு மணிக்கு முடியவேண்டிய வேலை ஐந்தரைக்கு முடிந்தது. சாடிகளை நான் திரும்பப் படிக்கட்டில் வைத்தேன். ஒரு இலையும் கொட்டவில்லை என்று அன்ரி சொன்னார்.

வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டடியில் என்னை இறக்கிவிடும்போது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

“நாளைக்கு அஜக்ஸில இருந்து ஒருத்தனைக் கூப்பிடுறன். நீ அடிக்கட்டையைப் பார்.”

“ஓம் அண்ணை.”

“கோவமோ?”

“இல்லை.”

“கோவமெண்டாலும் பரவாயில்லை,” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

இப்போது நான் மரம் வெட்டிய இடத்தில் மிஞ்சும் அடிக்கட்டையை அரைக்கிறேன். மரம் போய் ஒன்றிரண்டு நாள் கழித்து, சக்கரம் வைத்த சின்ன மெஷினை இழுத்துக்கொண்டு தனியாகப் போவேன். மேலே யாரும் இருப்பதில்லை.