குருதி அமுக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. பேசுவதைவிடப் பேசாமலிருப்பதே எனக்கு வசதி. அதனால்தானோ என்னவோ, கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த பேராசிரியர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓயாமல் தன்னைப் பற்றியே பேசினார்.

சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் சுரக்கும் ஓமோன், உடம்பில் உப்பைப் பிடித்துவைத்துப் பிரசரை ஏற்றுமாம். அந்த ஓமோனுக்குப் பின்னாலேயே அவர் ஆயுள் போயிருக்கிறது. முதலில் எலிகள், பிறகு வெளிநாட்டு எலிகள், பிறகு பட்டம், பதவி, இன்னும் நிறைய எலிகள். இப்போது நாங்கள். எலிகளோடு பழகியவருக்கு மனிதரிடம் பேச வராது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரிசையில் நின்ற பெண்களிடம், "உங்களுக்குக் குருதி அமுக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"ஆமாங்கையா, அமுக்குதுங்க," என்றாள் முன்னால் நின்றவள். "படுத்தா நெஞ்சு மேல ஏறி ஒக்காந்துக்குது. மந்திரிச்சுக் கயிறுகூடக் கட்டியிருக்கேன்."

"எங்க லயத்துல எல்லா வீட்டுலயும் அமுக்குதுங்க," என்றாள் அடுத்தவள். "கடைசி வீட்டுல செத்த கெழவன்தான். உசுரோட இருக்கறப்பவே அவன் சரியில்ல."

இருவருக்கும் 'உண்டு' என்று குறித்துக்கொண்டார். பிரசர் என்று கேட்டிருந்தால் பச்சைப்பிள்ளைக்கும் புரிந்திருக்கும். மெதுவாக அதைச் சொன்னேன். "விஞ்ஞானத்தில் சொல் சுத்தமாக இருக்க வேண்டும், தம்பி," என்றார். அவரைவிட நான் அவ்வளவு இளையவனும் அல்ல.

அதே வரிசையில் நின்ற என் அக்காவுக்கு நிஜமாகவே பிரசர். மூன்று வகை மாத்திரை விழுங்கியும் இறங்காது. அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நோயாளியைப் பார்த்து அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"உங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஓமோன் கூடுதலாக இருக்கலாம். இருந்தால் அதற்கென்றே வேறு மாத்திரை உண்டு. இரத்தத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன் இந்த மாத்திரைகளை நிறுத்துங்கள். இவை அளவைக் கெடுத்துவிடும்."

அக்கா நம்பி நிறுத்தினாள். மலைச்சரிவில் தலை சுற்றி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனாலும் மாத்திரையைத் தொடவில்லை. இரத்தம் எடுத்தார்கள். அதை ஏற்றிக்கொண்டு அவருடைய வேன் ஹட்டன் பக்கம் இறங்கிப் போனது. அதோடு சரி. நான் அவருக்குப் போன் எடுத்தபோதெல்லாம், "சேர் கூட்டத்தில் இருக்கிறார்" என்றது ஒரு பெண்குரல். அக்கா பழைய மாத்திரைக்கே திரும்பினாள். அவர் விருது வாங்கிய படம் மட்டும் பேப்பரில் வந்தது.

இந்த வருடம் மழை விட்டதும் மறுபடி வந்தார். இரண்டாம் கட்டமாம். அதே பெண்கள் வேண்டுமாம், மாத்திரையையும் மறுபடி நிறுத்த வேண்டுமாம்.

அக்கா கேட்டாள்: "போன தடவ எடுத்த ரத்தம் என்னாச்சுங்கையா? எனக்கு அந்த ஓமோன் கூடுதலா, இல்லியா?"

"தனித்தனியாகச் சொல்வதில்லை அம்மா. மொத்தமாகக் கட்டுரையில் வந்திருக்கிறது. விஞ்ஞானத்துக்குப் பெரிய உதவி செய்திருக்கிறீர்கள்."

"பாத்துச் சொல்றேன்னீங்களே?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்பத்தான் வெளங்குது," என்றாள் அக்கா. "குருதி அமுக்கம்னா இதுதானா! எங்க குருதிய அமுக்கிக்கிட்டுப் போறது!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. "அந்தக் கெழவனே தேவல, நெஞ்ச மட்டும்தான் அமுக்குனான்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார்.

"சொல் சுத்தமாத்தான் இருக்கு சேர்," என்றேன். அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல்முறை.

அக்கா முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரையை எடுத்தாள். அவர் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, அவர் பார்க்கவே விழுங்கினாள். பிறகு கையை நீட்டினாள்.

"இப்ப எடுங்க ரத்தம்."

அவர் ஊசியை மூடி வைத்தார். மாத்திரை விழுங்கியவளின் இரத்தம் அவருக்கு உதவாது.

"டேய், வர்ற கிளினிக்குக்கு நுவரெலியாவுக்கு நீயும் வா," என்றாள் அக்கா. "அந்த ஓமோன பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட வாயத் தொறந்து கேளு. எலிக்கு இல்ல, எனக்குன்னு சொல்லு."